அலமாரியில் தூங்கும் பழைய போன், லேப்டாப்: எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை நான். வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பழைய மின்னணுச் சாமான்கள். மூன்று வருடம் பயன்படுத்திய ஆண்ட்ராய்டு போன் ஒன்று நன்றாகவே வேலை செய்கிறது. மகள் புதிது வாங்கிக் கொடுத்ததால் சும்மா கிடக்கிறது. 2015-இல் வாங்கிய இன்னொரு போன் முதுகு உப்பி, மூடி திறந்துகொண்டிருக்கிறது. மகன் கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப் (ஐ5, நான்காம் தலைமுறை), இளைய மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப், கொரோனா காலத்தில் பேரனின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய டேப் ஆகியவையும் உண்டு. இவை போக ஒரு பழைய டப்பா மானிட்டர், ஒரு யுபிஎஸ், ஒரு பை நிறைய சார்ஜர்கள். காயலான் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். ஆன்லைனில் விற்கலாம் என்கிறான் மகன். என் புகைப்படம், வங்கி விவரம் எல்லாம் யார் கைக்காவது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆன்லைனில் விற்கப்போய் பணத்தை இழந்தவர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். போனுக்குள் தங்கம் இருக்கிறதாமே, அப்படியானால் 600 ரூபாய்க்குக் கொடுப்பது நஷ்டமா? "குப்பையில் போடாதே பாட்டி, பூமிக்குக் கெடுதல்" என்கிறான் பேரன். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

காயலான் கடைக்காரருக்கு இன்னும் சரி சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சொல்ல வேண்டாம். எடை போட்டு வாங்குகிறவர் என்ற முறையில் அவர் சொன்ன 600 ரூபாயில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் தட்டில் மூன்று ரகம் கலந்து கிடக்கிறது. சிலதை விற்கலாம், சிலது வீட்டிலேயே இன்னும் சில வருடம் உழைக்கும், மீதிதான் உண்மையான கழிவு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு அனுப்பினால் நல்ல போனும் சுத்தியலுக்குத்தான் போகும்.

பழுது நீக்கி மறுவிற்பனை செய்யும் எங்கள் கடைக்கு வருகிற பழைய போன்களில் நிறைய, உழைத்துத் தேய்ந்து வருவதில்லை. அலமாரியில் கிடந்தே வீணாகி வருகின்றன. "அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்" என்று எடுத்து வைப்போம். அந்த அவசரம் வருவதற்குள் இரண்டு காரியம் நடந்துவிடும். சார்ஜ் சுத்தமாக இறங்கி மாதக்கணக்கில் கிடக்கும் லித்தியம் பேட்டரி திரும்ப உயிர் பிடிக்காமல் போகலாம். இன்னொன்று வெளியே தெரியாது: போன் நிறுவனம் பாதுகாப்பு அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிடும், கொஞ்ச நாளில் வங்கிச் செயலிகள் அந்தப் பழைய ஆண்ட்ராய்டில் ஓட மறுக்கும். யு.பி.ஐ ஓடாத போனை இன்று வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். திரையில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் அது கழிவுதான். அதனால்தான் சொல்கிறேன், வேலை செய்யும் அந்த மூன்று வருடப் போனை இந்த மாதமே விற்றுவிடுங்கள். என்னைக் கேட்டால், புதுப் போன் வாங்குகிற அன்றே பழையது எங்கே போகப்போகிறது என்றும் முடிவு செய்துவிட வேண்டும்.

விற்பனை இருக்கட்டும், அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த உப்பிய போன்.

லித்தியம் பேட்டரி வயதாகும்போதும் சூடாகும்போதும் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும். அந்த வாயுதான் பேட்டரியை உப்ப வைத்து மூடியைத் தள்ளுகிறது. இந்த நிலையில் அதை அழுத்தினாலோ, குத்தினாலோ, வளைத்தாலோ உள்ளே இருக்கும் அடுக்குகள் ஒன்றோடொன்று பட்டுத் தீப்பிடிக்கலாம். மூடியை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். "உள்ளே பழைய போட்டோ இருக்கிறது, ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கிறேன்" என்றும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு தகர டப்பாவில் காய்ந்த மணல் போட்டு, போனை அதில் வைத்து, மூடியை இறுக்காமல், துணி, காகிதம் இல்லாத நிழலான இடத்தில் வையுங்கள். கூரியரில் அனுப்பக் கூடாது. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கையில் எடுத்துப்போய்க் கொடுங்கள். உள்ளே இருக்கும் படங்கள் வேண்டுமென்றால் விவரம் தெரிந்த டெக்னீஷியனிடம் போங்கள். அவர் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிசி பவர் சப்ளையில் போர்டுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் போனைத் திறந்து எடுத்துத் தருவார்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். விற்கப்போகும் போனில் அந்தப் பயம் தேவையில்லை, ஆனால் வரிசை தப்பாமல் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு 10-உம் அதற்குப் பிறகு வந்ததுமாக வெளியான போன்கள் எல்லாமே உள்ளே சேமிப்பதைக் குறியாக்கம் செய்துதான் வைக்கின்றன. முறைப்படி ரீசெட் செய்தால் அந்தக் குறியாக்கத்தின் சாவி அழிந்துவிடும். பெட்டியைப் பூட்டிச் சாவியை உருக்கிவிட்ட மாதிரி. பெட்டி யாரிடம் இருந்தாலும் திறக்க வழியில்லை.

முதலில் படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் புதுப் போனில் வந்துவிட்டனவா என்று திறந்தே பாருங்கள். "பேக்கப் ஆகிவிட்டது" என்று போன் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அப்புறம் வங்கி, யு.பி.ஐ செயலிகளிலிருந்து வெளியேறுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். மெமரி கார்டு பெரும்பாலும் குறியாக்கம் இல்லாதது; அதை விற்பனையோடு சேர்த்துக் கொடுக்கவே வேண்டாம். அடுத்து செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். சாம்சங், ஷாவ்மி போன்ற போன்களில் அந்த நிறுவனத்தின் கணக்கு தனியாக இருக்கும், அதையும் நீக்குங்கள். திரைப் பூட்டை எடுத்துவிட்டுக் கடைசியில் ஃபேக்டரி ரீசெட்.

கணக்கை நீக்காமல் நேரே ரீசெட் செய்கிறவர்கள் அதிகம். அதிலும் பட்டனை அழுத்திப் பிடித்து ரெக்கவரி வழியாகச் செய்தால் திருட்டுத் தடுப்புப் பூட்டு விழுந்துவிடும். வாங்கினவர் போனைத் திறக்கும்போது உங்கள் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். ராத்திரி பத்து மணிக்கு அவர் உங்களுக்குப் போன் செய்வார். ஐபோனிலும் இதே கதைதான். "ஃபைண்ட் மை" வசதியை அணைத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். ரீசெட் முடிந்ததும் போனை ஒரு தடவை திறந்து, வைஃபை இணைத்து, பழைய கணக்கு எதையும் கேட்காமல் புதுப் போன் மாதிரி வரவேற்கிறதா என்று பார்த்துவிட்டு அணைத்து வையுங்கள்.

எங்கே விற்பது? மூன்று வழி இருக்கிறது. புதுப் போன் வாங்கும்போதே பழையதைக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்று. அது உங்களுக்குக் கைவிட்டுப்போயிற்று. இரண்டாவது, கேஷிஃபை போல ஆன்லைனில் விலை சொல்லி வீட்டுக்கே ஆள் அனுப்பி வாங்கும் நிறுவனங்கள். மூன்றாவது, ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரி நேரே வாங்குபவரிடம் பேசும் இடங்கள். மூன்றாவதில் கூடுதல் பணம் கிடைக்கும், கூடுதல் தொல்லையும் உண்டு. போனைப் பொறுத்தவரை உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டாவது வழி. கொஞ்சம் விலை குறைந்தாலும் வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும், முகம் தெரியாதவர்களோடு நூறு தடவை பேரம் பேச வேண்டியதில்லை.

அதில் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. திரையில் ஒரு விலை காட்டினார்கள், வீட்டுக்கு வந்து குறைத்துவிட்டார்கள் என்பார்கள். விலை சொல்லும் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் "நன்றாக இருக்கிறது" என்று தட்டியிருப்பார்கள். வருகிற ஆள் ஒரு செயலியை ஓட்டி ஸ்பீக்கர், மைக், கேமரா, தொடுதிரை, சென்சார் ஒவ்வொன்றையும் சோதிப்பார். அந்தச் சோதனையை நீங்களே முன்கூட்டிச் செய்துவிடலாம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் புள்ளியோ நிழலோ இருக்கிறதா என்று பாருங்கள். யாருக்காவது போன் செய்து காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா பாருங்கள். சார்ஜர் முனையை லேசாக அசைத்தால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறுகிறதா பாருங்கள். குறையைப் படிவத்திலேயே சொல்லிவிட்டால் வாசலில் பேரம் இருக்காது. இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேட்டுப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

பில்லும் டப்பாவும் இருந்தால் எடுத்து வையுங்கள், அதற்கும் விலை உண்டு. தீபாவளி விற்பனை நடக்கும் வாரங்களில் ஊரே புதுப் போனுக்கு மாறும். பழைய போன் சந்தையில் குவியும், விலை இறங்கும். முடிந்தால் அதற்கு முன்னால் விற்றுவிடுவது நல்லது. லேப்டாப்புக்கு நேர்மாறு: கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலையில்தான் தேடி வருவார்கள்.

உங்கள் மகன் நேரடியாகவே விற்கலாம் என்று பிடிவாதம் பிடித்தால் விளம்பரத்தை இப்படி எழுதச் சொல்லுங்கள்: "மூன்று வருடம் ஒரே ஆள் பயன்படுத்திய போன். பில், டப்பா, சார்ஜர் உண்டு. இடது கீழ் மூலையில் ஒரு கீறல், படத்தில் காட்டியிருக்கிறேன். காலையில் சார்ஜ் செய்தால் இரவு வரை வரும். திரையோ பேட்டரியோ மாற்றியதில்லை. தஞ்சாவூரில் நேரில் பார்த்து வாங்கலாம்." குறையை முதலிலேயே எழுதினால் விசாரிக்கிறவர்கள் குறைவார்கள். ஆனால் வருகிறவர் வாங்குகிற ஆளாக இருப்பார். போனை ஆன் செய்து, திரை ஒளிரும் நிலையில் திரையையும் நான்கு மூலையையும் படம் எடுங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ எண் மட்டும் எந்தப் படத்திலும் தெரியக் கூடாது.

ஏமாற்று வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்தத் தளமானாலும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். விளம்பரம் போட்ட சில மணி நேரத்தில் ஒருவர் அழைப்பார். பேரமே பேச மாட்டார், கேட்ட விலைக்குச் சம்மதிப்பார். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், வெளியூரில் பணியில் இருப்பதாகவும் சொல்லி அடையாள அட்டைப் படம்கூட அனுப்புவார். "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார். போட்டால் உங்கள் பணம் போகும். யு.பி.ஐ-யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் கேட்டாலே பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு விதம், பணம் அனுப்பிவிட்டதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுவது. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகுதான் போன் கை மாற வேண்டும். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பவரிடமும் இதே பதில்தான். ஒருவேளை ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

நேரில் விற்பது என்றால் வீட்டுக்கு வரச் சொல்லாமல், பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணைக்கு ஒருவரோடு போய்க் கொடுங்கள். ஒரு தாளில் விற்பனை எழுதிக்கொள்வது அவசியம்: தேதி, போன் மாடல், ஐ.எம்.இ.ஐ எண், விலை, வாங்குபவர் பெயர், முகவரி, இரண்டு பேர் கையெழுத்து. போனில் *#06# அழுத்தினால் அந்த எண் தெரியும். இது சம்பிரதாயம் மாதிரி தோன்றும். நாளைக்கு அந்தப் போனை யாராவது தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தினால் ஐ.எம்.இ.ஐ எண்ணை வைத்துக்கொண்டு போலீஸ் பில்லில் பெயர் இருப்பவர் வாசலுக்கும் வரலாம். அப்போது பதில் சொல்ல இந்தத் தாள் வேண்டும். ஆதார் நகல் பரிமாறிக்கொள்வதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும்.

வாங்குகிற பக்கத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 14422 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தில் கே-ஒய்-எம் என்ற மூன்று எழுத்தைப் போட்டு, ஓர் இடைவெளி விட்டு ஐ.எம்.இ.ஐ எண்ணை எஸ்.எம்.எஸ் அனுப்பினால், அந்தப் போன் திருட்டுப் பட்டியலில் முடக்கப்பட்டதா என்று தொலைத்தொடர்புத் துறையே சொல்லிவிடும். பேரனுக்குப் பழைய போன் வாங்கித் தரும் யோசனை வந்தால் பயன்படும்.

மகனின் லேப்டாப் பற்றி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போடவேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின்னதோ வேண்டும், உங்களுடையது நான்காம் தலைமுறை. ஒரே ஒரு மென்பொருள் முடிவால் உலகம் முழுக்க நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்கள் "பழசு" ஆகிவிட்டன. எனக்கு இதில் நிறைய எரிச்சல் உண்டு, அது கிடக்கட்டும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி "லேட்டஸ்ட்" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், உங்களிடம் யாராவது அப்படி விற்க வந்தாலும் வாங்க வேண்டாம்.

அந்த லேப்டாப்பில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றினால் ஆச்சரியப்படும்படி வேகமாகிவிடும். இணையம், ஆவணம், வீடியோ, தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஓடும், லினக்ஸுக்குக் காசும் கிடையாது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் குறியாக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. வெறும் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியாது, இலவச மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம். டிஸ்க்கையே கழற்றி நீங்கள் வைத்துக்கொண்டால் அந்தத் தலைவலி இல்லை. அதற்கு ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் குடும்பப் படங்களைச் சேமிக்கும் வெளி டிஸ்க் ஆகிவிடும். பழைய டிஸ்க்கோடுதான் விற்பது என்று முடிவானால் விண்டோஸின் "ரீசெட் திஸ் பிசி"-யில் எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, கூடவே டிரைவைச் சுத்தம் செய்யும் தெரிவையும் போட்டுவிடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இளைய மகளின் அரசு லேப்டாப்பை விற்கும் யோசனை வேண்டாம். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் படிப்புக்காக இலவசமாகக் கொடுத்தது. அரசு முத்திரை உள்ள பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோவது முறையல்ல, ஒழுங்கான கடைக்காரர் தொடவும் மாட்டார். அதிலும் எஸ்எஸ்டி போட்டு, ராமைக் கொஞ்சம் கூட்டி, இலகுவான லினக்ஸ் ஏற்றினால் பேரன் தட்டச்சும் புரோகிராமிங்கும் பழக நல்ல கருவி. அவன் கெடுத்தாலும் யாரும் திட்டப்போவதில்லை என்பது கற்றுக்கொள்கிறவனுக்குப் பெரிய சௌகரியம்.

ஆசிரியராக இருந்தவர் என்பதால் "பள்ளிக்குக் கொடுத்துவிடலாமே" என்ற நினைப்பு உங்களுக்கு வரும். அதைக் கொஞ்சம் நிதானித்துச் செய்யுங்கள். நன்கொடையாக வந்த கணினிகள் சார்ஜர் இல்லாமல், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பள்ளி ஸ்டோர் ரூமில் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நம் அலமாரியை அங்கே மாற்றி வைத்தால் அது தானம் ஆகாது. வேண்டுமா என்று கேட்டு, ஓடுகிற நிலையில், சார்ஜரோடு கொடுங்கள். இல்லையென்றால் விற்ற பணத்தைக் கொடுங்கள், அது அவர்களுக்கு அதிகம் பயன்படும்.

கொரோனா காலத்து டேப்பை விற்றால் பெரிதாக எதுவும் கிடைக்காது. பாட்டு, சமையல் வீடியோ, பேரனின் பாடம் என்று வீட்டிலேயே ஓடட்டும். வங்கிச் செயலி மட்டும் அதில் வேண்டாம். பழைய போனையும் டேப்பையும் வீட்டுக் கேமராவாக மாற்றலாம் என்று யூடியூபில் நிறையச் சொல்கிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் சார்ஜரில் மாட்டிச் சூட்டிலேயே வைத்திருந்தால் அதுவும் உங்கள் 2015 போன் மாதிரி உப்பி வந்து நிற்கும்.

தங்கத்துக்கு வருவோம். கணக்கு டீச்சருக்குக் கணக்காகவே தருகிறேன். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் 2017 முதல் 2019 வரை மக்களிடம் பழைய கருவிகளைச் சேகரித்தார்கள். சுமார் 62 லட்சம் கைப்பேசிகளும், ஏறக்குறைய 79,000 டன் சிறு மின்னணுக் கருவிகளும் சேர்ந்தன. எல்லாவற்றிலிருந்தும் எடுத்த தங்கம் 32 கிலோ. மற்ற கருவிகளை விட்டுவிட்டு முழுத் தங்கமும் போன்களிலிருந்தே வந்தது என்று வைத்து வகுத்தாலும் ஒன்றுக்கு 5 மில்லிகிராம் சொச்சம்தான் வரும். ஆகவே தங்கத்துக்காக 600 ரூபாயை மறுக்க வேண்டியதில்லை. உங்கள் போனின் விலை அது ஓடுவதில்தான் இருக்கிறது.

பேரன் சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் உலகில் உண்டான மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். மறுசுழற்சி நல்லதுதான், ஆனால் அது திருப்பித் தருவது செம்பு, தங்கம், இரும்பு, அலுமினியம் போன்ற சிலவற்றைத்தான். நம் நாட்டின் மின்கழிவு விதிகளில் மறுசுழற்சிச் சான்றிதழ் கணக்கிடுவதும் இந்த நான்கு உலோகங்களை வைத்துத்தான். சிப் செய்யச் செலவான மின்சாரமும் தண்ணீரும் திரும்பி வராது. ஒரு போன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. நீங்கள் விற்கிற போன் இன்னொருவர் புதிது வாங்குவதை இரண்டு வருடம் தள்ளிப்போட்டால், அதை உடைத்து உலோகம் எடுப்பதைவிட அது பெரிய காரியம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளும் பழுதுநீக்கி மறுபடி பயன்பாட்டுக்கு விடுபவர்களைத் தனிப் பிரிவாக அங்கீகரித்துப் பதிவு செய்யச் சொல்கின்றன.

அப்படியானால் காயலான் கடைக்காரருக்கு எதுவுமே இல்லையா? வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பதில் அவரை அடிக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. சிக்கல் அவருக்கு அப்பால் தொடங்குகிறது. அவரிடமிருந்து கைமாறிக் கைமாறி டெல்லி சீலம்பூர், உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் மாதிரி இடங்களுக்குப் போகும் சர்க்யூட் போர்டுகளைத் திறந்தவெளியில் எரிக்கிறார்கள், அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். கையுறையோ முகமூடியோ இல்லாமல் அந்த வேலையைச் செய்பவர்களின் உடம்பில்தான் அந்த விஷம் முதலில் இறங்குகிறது. உங்கள் டப்பா மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எடைக்கு வாங்கியவர் உள்ளே இருக்கும் செம்புச் சுருளை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை உடைத்து எங்காவது கொட்டிவிட்டுப் போவார். ஆகவே மானிட்டரையும் பேட்டரி உள்ள எதையும் எடைக்குப் போடாதீர்கள். மானிட்டரை நீங்களும் பிரிக்க வேண்டாம், அணைத்து நாளானாலும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்கள் பட்டியல் இருக்கிறது. பெரும்பாலான நிறுவனங்களின் இந்திய இணையதளத்திலும் மின்கழிவுக்கென ஒரு பக்கமும் இலவச எண்ணும் இருக்கும். ஒரே ஒரு மானிட்டருக்காக ஆள் வருவது கஷ்டம். தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு அழைத்தால் வருவார்கள், நாலு வீட்டிலும் ஒரு மானிட்டராவது நிச்சயம் கிடைக்கும். இரும்பு அலமாரி, சைக்கிள் சட்டம், செய்தித்தாள் எல்லாம் வழக்கம்போல் காயலான் கடைக்காரருக்கே.

யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறிய ஈய-அமில பேட்டரி மட்டும்தான் செத்திருக்கும். அதே அளவுள்ள புது பேட்டரி மாற்றினால், மின்சாரம் போகும்போது வைஃபை ரவுட்டரை நீண்ட நேரம் ஓட்டும். பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

சார்ஜர் பையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரிக்க ஒரு மதியம் போதும். வயர் உரிந்தது, சூடாகிறது, முனை ஆடுகிறது என்பவற்றைக் கழிவில் சேர்த்துவிடுங்கள். மற்றவற்றில் வீட்டில் இருக்கும் கருவிகளுக்கு ஒத்துவருகிற இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேடி எடுக்க வேண்டியது மகனின் லேப்டாப்புக்கு உரிய சார்ஜர். அது இல்லாவிட்டால் வாங்க வருகிறவர் அதையே காரணம் காட்டி விலையைக் குறைப்பார்.